இத்தாலிய கிராமத்தில் அரசு அலுவலகங்களைச் சமாளிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மிலானோவிலோ பலெர்மோவிலோ இருப்பவர்களுக்கு வழிகாட்ட நம்மவர்கள் யாராவது கிடைத்துவிடுவார்கள். மலைக் கிராமங்களில் அப்படி இல்லை. நான் இருப்பது உம்பிரியாவில், பெருஜியா மாகாணத்து மலையூர் ஒன்றில். மாட்டுப்பண்ணை வேலை, திராட்சைத் தோட்ட வேலை, முதியோரைப் பார்த்துக்கொள்ளும் வேலை, கல்யாணம் என்று ஏதோ ஒன்றின் பேரில் இப்படிப்பட்ட ஊர்களுக்கு வந்து சேர்ந்தவர்கள் கேட்ட கேள்விகளைத்தான் இங்கே தொகுத்திருக்கிறேன். பதில்கள் பெரும்பாலும் இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கானவை. ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்களுக்கு விதிகள் வேறு, எளிதும்கூட. கட்டணங்கள் இதை எழுதும்போது இருப்பவை.

வந்து இறங்கியாயிற்று. எந்த அலுவலகத்துக்கு முதலில் போக வேண்டும்?

மூன்று அலுவலகங்களை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஊரில் இருப்பது கொமூனே, அதாவது நம்மூர் பஞ்சாயத்து அலுவலகத்துக்கும் நகராட்சிக்கும் இடைப்பட்ட ஒன்று. இத்தாலியில் 7,900-க்குச் சற்றுக் குறைவாகக் கொமூனேக்கள் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றில் 5,000 பேர்கூட இல்லை. மாகாணத் தலைநகரில் இருப்பது குவெஸ்தூரா, போலீஸ் தலைமையகம். குடியிருப்பு அனுமதி அங்கேதான். மூன்றாவது வரித்துறையான அஜென்ஸியா தெல்லே என்த்ராத்தே.

வரிசை இது: தங்குமிடத் தகவல், வரி எண், குடியிருப்பு அனுமதி விண்ணப்பம், வாடகை ஒப்பந்தப் பதிவு, கொமூனேயில் வசிப்பிடப் பதிவு. அதற்குப் பிறகுதான் அடையாள அட்டை, குடும்ப மருத்துவர், ஓட்டுநர் உரிமம், குப்பை வரி எல்லாம். வசிப்பிடப் பதிவைத்தான் இங்கே எல்லோரும் ரெசிதென்ஸா என்கிறார்கள். அதில் உங்கள் பெயர் இருக்கும் அந்த ஒரு வரியை நம்பித்தான் மற்ற எல்லாமே நிற்கின்றன. இந்தப் பக்கத்தில் எதை மறந்தாலும் அதை மறக்காதீர்கள்.

தங்குமிடத் தகவலா? அது யார் வேலை?

உங்களை வீட்டில் தங்கவைப்பவரின் வேலை. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வந்த ஒருவருக்கு இடம் கொடுத்தால் 48 மணி நேரத்துக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். குவெஸ்தூரா இல்லாத ஊரில் மேயரின் அலுவலகத்தில், அதாவது கொமூனேயில் கொடுக்கலாம். தங்கவைப்பவர் சொந்த அண்ணனாக இருந்தாலும் விதி இதுதான். தவறினால் அவருக்கு 160 முதல் 1,100 யூரோ வரை அபராதம். முத்திரை குத்திய நகல் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்; குவெஸ்தூராவில் அதைக் கேட்பார்கள்.

கோதிச்சே ஃபிஸ்காலே எதற்கு? எங்கே வாங்குவது?

இது வரி எண். சிம் கார்டு, வாடகை ஒப்பந்தம், வங்கிக் கணக்கு, வேலை எதற்குப் போனாலும் முதல் கேள்வி இதுதான். இலவசம். வரித்துறை அலுவலகத்தில் கடவுச்சீட்டைக் காட்டி வாங்கலாம். வேலை விசாவிலோ குடும்ப விசாவிலோ வருபவர்களுக்கு அந்த நடைமுறையின் போக்கிலேயே கிடைத்துவிடுவதும் உண்டு.

மொத்தம் 16 எழுத்துகளும் எண்களும். குடும்பப் பெயரிலிருந்து 3, சொந்தப் பெயரிலிருந்து 3, பிறகு பிறந்த ஆண்டு, மாதத்துக்கு ஓர் எழுத்து, தேதி, பிறந்த நாட்டின் குறியீடு, கடைசியில் சரிபார்ப்பு எழுத்து. பெண்களுக்குத் தேதியுடன் 40 கூட்டுவார்கள். 1988 மார்ச் 7-இல் இந்தியாவில் பிறந்த பெண் என்றால் நடுப்பகுதியில் 88, அடுத்து மார்ச்சுக்கான சி, அடுத்து 47, அதன்பின் இந்தியாவின் குறியீடான இசட்222 வரும். இலங்கைக்கு இசட்209. இதைத் தெரிந்துவைத்தால் கையில் கொடுத்ததும் நீங்களே சரிபார்த்துவிடலாம். பெயரில் ஓர் எழுத்து பிசகினாலும், நாள் மாதம் இடம் மாறினாலும் அந்த நிமிடமே சொல்லுங்கள். தவறான எண் மருத்துவர், வங்கி, வேலையிடம் என்று பரவிவிட்டால் ஒவ்வோர் இடமாகப் போய்த் திருத்த வேண்டிவரும்.

குடியிருப்பு அனுமதிக்கு எப்படி விண்ணப்பிப்பது?

பெர்மெஸ்ஸோ தி சோஜோர்னோ என்பது முழுப்பெயர். நம்மவர்கள் சுருக்கமாகச் சோஜோர்னோ என்பார்கள். நாட்டுக்குள் நுழைந்து 8 வேலை நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். வேலை, படிப்பு போன்ற பெரும்பாலான வகைகளுக்கு விண்ணப்பம் போலீஸிடம் இல்லை, தபால் நிலையத்தில். ‘ஸ்போர்தெல்லோ அமீக்கோ’ என்ற கவுன்டர் உள்ள தபால் நிலையத்தில்தான் உறையும் படிவமும் கிடைக்கும், அங்கேதான் திருப்பிக் கொடுக்கவும் முடியும். மலையூர்த் தபால் நிலையங்கள் வாரத்தில் சில நாள் காலையில் மட்டும் திறக்கும். அந்தக் கவுன்டர் அங்கே இருக்காது. பள்ளத்தாக்கில் இருக்கும் பெரிய ஊருக்குப் பஸ் பிடிக்க வேண்டியிருக்கும்.

செலவு: 16 யூரோ வருவாய் முத்திரை, தபால் கட்டணம் 30, அட்டைக்கு 30.46. இத்துடன் அனுமதிக் காலத்தைப் பொறுத்து 40 (ஓராண்டு வரை), 50 (இரண்டாண்டு வரை) அல்லது 100 (நீண்டகால அனுமதி). இரண்டாண்டு அனுமதிக்கு எல்லாம் சேர்த்து 126.46 வரும். உறையை ஒட்டாமல் கொண்டு போங்கள். ஊழியர் அதைத் திறந்து பார்த்துக் கடவுச்சீட்டோடு ஒப்பிட்டபின் ரசீதும், கைரேகைக்குக் குவெஸ்தூராவுக்கு வர வேண்டிய தேதி அச்சடித்த தாளும் தருவார்.

படிவத்தை நிரப்பத் தரகருக்குப் பணம் கொடுக்காதீர்கள். பத்ரோநாத்தோ என்று தொழிற்சங்கங்களும் சங்கங்களும் நடத்தும் உதவி மையங்கள் இருக்கின்றன: இன்கா, இனாஸ், ஆக்லி போன்றவை. இதற்கென்றே உள்துறை அமைச்சகத்தோடு உடன்பாடு இருக்கிறது. படிவத்தைக் கணினியில் நிரப்பி அச்சடித்துத் தருவார்கள். சின்ன ஊரிலும் வாரத்தில் ஒரு நாள் காலையில் யாராவது வந்து உட்கார்வது உண்டு. எந்த நாள் என்று கொமூனே வாசலில் உள்ள அறிவிப்புப் பலகையிலோ ஊர் காபிக் கடையிலோ தெரிந்துவிடும்.

புதுப்பிப்பதை அனுமதி முடிய 60 நாள் இருக்கும்போதே தொடங்குங்கள்.

அட்டை இன்னும் வரவில்லை, ரசீதுதான் கையில். வேலை செய்யலாமா? ஊருக்குப் போய் வரலாமா?

சட்டம் சொல்வது 60 நாள். நடப்பு அதைவிட நீளும். பல மாதங்கள் ஆவது சாதாரணம். புதுப்பிப்பு ரசீதோடு வேலையைத் தொடரலாம், வேலைக்காக வந்தவர்கள் முதல் ரசீதோடும் வேலை செய்யலாம். முதலாளி தயங்கினால் பத்ரோநாத்தோவில் சொல்லுங்கள், அவர்கள் பேசுவார்கள்.

பயணம் போகலாம், ஆனால் புதுப்பிப்பு ரசீதோடு போனால் வெளியேறுவதும் திரும்பி வருவதும் இத்தாலிய எல்லை வழியாகவே இருக்க வேண்டும். நடுவில் பிராங்க்ஃபர்ட், பாரிஸ் போன்ற ஷெங்கன் விமான நிலையத்தில் மாறக் கூடாது. ரோமிலிருந்து துபாய் அல்லது தோஹா வழியாகப் போய் அப்படியே திரும்புங்கள். ரசீதின் மூலப்பிரதி, பழைய அட்டை, கடவுச்சீட்டு மூன்றும் கைப்பையில் இருக்கட்டும்.

வசிப்பிடப் பதிவுக்கு என்ன வேண்டும்? வீட்டுக்குப் போலீஸ் வருமாமே?

கொமூனேயில் அனாக்ரஃபே என்ற பதிவேட்டுப் பிரிவில் விண்ணப்பம் கொடுக்க வேண்டும். கடவுச்சீட்டு, வரி எண், அனுமதி அட்டை, அந்த வீட்டில் இருக்க உங்களுக்கு உரிமை உண்டு என்பதற்கான சான்று, அதாவது பதிவு செய்த வாடகை ஒப்பந்தமோ வீட்டுக்காரரின் இலவசக் குடியிருப்பு ஒப்பந்தமோ வேண்டும். வேலைக்கோ குடும்பத்தோடு சேரவோ புதிதாக வந்தவர்களுக்கு அட்டை வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. தபால் ரசீது, விசா, அந்த விசாவுக்கு அடிப்படையான அனுமதிக் கடிதத்தின் நகல் போதும். இதை அறியாத அலுவலர்களும் இருக்கிறார்கள். பொறுமையாகச் சொல்லுங்கள், தேவைப்பட்டால் பத்ரோநாத்தோவிலிருந்து ஒரு போன் போடச் சொல்லுங்கள்.

விண்ணப்பம் ஏற்கப்பட்ட 2 வேலை நாட்களுக்குள் பெயரைப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும் என்பது 2012 முதல் விதி. பதிவு தொடங்குவதும் விண்ணப்பித்த நாளிலிருந்துதான். பிறகு 45 நாட்களுக்குள் நீங்கள் உண்மையில் அங்கே குடியிருக்கிறீர்களா என்று பார்ப்பார்கள். அதற்குத்தான் விஜிலே எனப்படும் ஊர்க்காவலர் வருவார். நாட்டுப் போலீஸ் இல்லை, கொமூனேயின் ஆள். பயப்பட ஒன்றுமில்லை.

அவர் பார்ப்பது எளிய விஷயங்கள். முதலில் அழைப்புமணியிலும் தபால்பெட்டியிலும் உங்கள் பெயர். இது இல்லாமல்தான் நம்மவர்களின் பதிவு அதிகம் தடைப்படுகிறது. கிராமத்தில் கதவு எண் தேய்ந்த கல்வீடுகளும், மேலே ஒரு குடும்பம் கீழே ஒரு குடும்பம் என்று பிரித்த பண்ணை வீடுகளும் நிறைய. விஜிலே வந்து பழைய குத்தகைக்காரரின் பெயரைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனால், குறிப்பேட்டில் ‘ஆளைக் காணவில்லை’ என்று ஏறிவிடும். ஒரு தாளில் பெயரைக் கொட்டை எழுத்தில், கடவுச்சீட்டில் இருப்பதுபோலவே எழுதி, மழையில் நனையாமல் டேப் ஒட்டுங்கள். உள்ளே வந்தால் படுக்கை இருக்கிறதா, அடுப்படி புழங்குகிறதா, துணிமணி இருக்கிறதா என்று ஒரு பார்வை பார்ப்பார். யார் யார் இருக்கிறார்கள், எங்கே வேலை என்று கேட்பார். பக்கத்து வீட்டாரிடமும் கேட்கலாம். வந்த முதல் வாரமே அவர்களிடம் போய் அறிமுகம் செய்துகொள்ளுங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதற்காகவும்தான்.

பல கொமூனேக்களின் படிவத்தில் நீங்கள் வீட்டில் இருக்கும் நேரத்தைக் குறிக்க இடம் இருக்கும். விடியற்காலை பால் கறக்கப் போகிறவர் மத்தியானம்தான் வீட்டில் இருப்பார்; அதை எழுதிவையுங்கள். 45 நாளில் மறுப்பு எதுவும் வராவிட்டால் பதிவு உறுதி என்று பொருள்.

வீட்டுக்காரர் ஒப்பந்தத்தைப் பதிவு செய்ய மாட்டேன் என்கிறார். வாடகையைக் குறைக்கிறேன் என்கிறாரே?

ஒத்துக்கொள்ளாதீர்கள். கையெழுத்திட்ட 30 நாளுக்குள் ஒப்பந்தத்தை வரித்துறையில் பதிய வேண்டும். பதியாத ஒப்பந்தம் சட்டப்படி செல்லாது. பதிந்த ஒப்பந்தம் இல்லாமல் வசிப்பிடப் பதிவு கிடைக்காது, பதிவு இல்லாமல் மேலே சொன்ன எதுவும் நகராது. மாதம் நூறு யூரோ மிச்சப்படுத்தி ஆண்டுகளை இழப்பது நம் குடும்பங்களுக்கு நேரும் பெரிய அநியாயம். வேலை கொடுப்பவரே தங்க இடமும் கொடுக்கும் பண்ணைகளில் இது இன்னும் கூர்மையான பிரச்சினை. ‘இங்கே இரு, ஆனால் பதியாதே’ என்று சொல்பவரிடம் வேலையில் சேரும் முன்பே எழுத்தில் கேளுங்கள், தொழிற்சங்கத்திடமும் பேசுங்கள்.

அனுமதியைப் புதுப்பித்துவிட்டேன். கொமூனேக்குத் தெரிவிக்க வேண்டுமா?

கட்டாயம் தெரிவிக்க வேண்டும். பலருக்கும் தெரியாத விதி இது. புது அட்டை கிடைத்த 60 நாளுக்குள் கொமூனேக்குப் போய், ‘இன்னும் இங்கேயே வசிக்கிறேன்’ என்று அறிவித்து அட்டையின் நகலைக் கொடுக்க வேண்டும். இத்தாலியக் குடிமக்களுக்கு இந்த வேலை கிடையாது, நமக்கு மட்டும்தான். அனுமதி காலாவதியாகி ஆறு மாதம் கடந்தும் நீங்கள் வராவிட்டால் கொமூனே ஓர் எச்சரிக்கை அனுப்பி 30 நாள் அவகாசம் தரும். அதற்கும் பதில் இல்லையென்றால் பெயரை நீக்கிவிடலாம். எச்சரிக்கை பழைய முகவரிக்குப் போய் உங்கள் கண்ணில் படாமலே போகலாம்.

பெயர் நீங்கினால் மருத்துவர், அடையாள அட்டை என்று ஒவ்வொன்றாகச் சிக்கல் தொடங்கும். அதைவிடப் பெரிய இழப்பு குடியுரிமையில். வேலைக்கு வந்து குடியேறிய நம் போன்றோர் 10 ஆண்டு தொடர்ச்சியான சட்டப்பூர்வ வசிப்பைக் காட்ட வேண்டும்; அதைப் பதிவேட்டிலிருந்துதான் பார்ப்பார்கள். ஐந்தாண்டாகக் குறைக்கலாமா என்று 2025 ஜூனில் பொதுவாக்கெடுப்பு நடந்தது. போதுமான பேர் வாக்களிக்க வராததால் அது செல்லாமல் போயிற்று. ஆகவே 10 ஆண்டுதான். நடுவில் இடைவெளி விழுந்தால் அதுவரை சேர்ந்த ஆண்டுகள் கணக்கில் நிற்காமல் போகலாம். ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்கு வேலை மாறும்போதும் 20 நாளுக்குள் புது ஊரில் பதிந்துவிடுங்கள். தேசியப் பதிவேடு இணையத்துக்கு வந்துவிட்டதால் இதை 2022 முதல் வீட்டிலிருந்தே செய்யவும் முடிகிறது.

என் பெயருக்குக் குடும்பப் பெயரே கிடையாது. இன்ஷியல்தான். என்ன செய்வது?

நமக்கே உரிய தலைவலி இது. இத்தாலியப் படிவம் எதுவானாலும் குடும்பப் பெயர் ஒரு கட்டம், சொந்தப் பெயர் ஒரு கட்டம். கடவுச்சீட்டில் அப்பா பெயர் ஒரு கட்டத்தில் இருக்கும், பிறப்புச் சான்றிதழில் இன்ஷியலாக இருக்கும், கல்லூரிச் சான்றிதழில் வேறு எழுத்துக்கூட்டலில் இருக்கும். கல்யாணத்துக்குப் பின் கணவர் பெயரைச் சேர்த்துக்கொண்ட பெண்களுக்கு இன்னொரு சுற்று. இத்தாலியப் பெண்கள் கல்யாணத்துக்குப் பிறகும் பிறந்த குடும்பத்தின் பெயரிலேயே இருப்பதால், கவுன்டரில் இருப்பவருக்கு இரண்டு பெயரும் இரண்டு ஆள்போலத் தெரியும்.

முடிந்தால் ஊரில் இருக்கும்போதே கடவுச்சீட்டில் இரண்டு கட்டமும் நிரம்பும்படி செய்துவிட்டு வாருங்கள். இங்கே வந்தபின் கடவுச்சீட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே, அதே வரிசையில், ஒவ்வோர் அலுவலகத்திலும் எழுதவையுங்கள். சான்றிதழ்களில் வேறுபாடு இருந்தால் தூதரகத்தில், இந்த இரண்டு பெயரும் ஒரே ஆளைக் குறிப்பவை என்று ஒரு சான்றுக் கடிதம் கேளுங்கள். இந்தியர்களுக்கு ரோமில் தூதரகமும் மிலானோவில் துணைத் தூதரகமும் இருக்கின்றன. அந்தக் கடிதத்தை அப்படியே கொமூனேயில் கொடுத்தால் செல்லாது. பிரெஃபெத்தூரா எனப்படும் மாகாண நிர்வாக அலுவலகத்தில் தூதரகக் கையெழுத்தைச் சரிபார்த்து முத்திரை வாங்க வேண்டும், 16 யூரோ வருவாய் முத்திரை ஒட்டி.

ஊரிலிருந்து வரும் பிறப்பு, திருமணச் சான்றிதழ்களுக்கு?

இந்தியச் சான்றிதழ் என்றால் ஊரிலேயே அப்போஸ்டில் முத்திரை, அதாவது ஆவணம் உண்மையானது என்று வெளிநாடுகளும் ஏற்கும் முத்திரை, வாங்க வேண்டும். 2005 முதல் இந்தியா அந்த முத்திரைக்கான சர்வதேச ஒப்பந்தத்தில் இருக்கிறது. அப்புறம் மொழிபெயர்ப்பு. இங்கே நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளர் சத்தியப்பிரமாணம் செய்து தரும் மொழிபெயர்ப்பு செல்லும். அதற்கு நான்கு பக்கத்துக்கு ஒரு 16 யூரோ முத்திரை. அப்போஸ்டில் வாங்கிய பிறகே மொழிபெயர்க்கக் கொடுங்கள், அந்த முத்திரையும் மொழிபெயர்க்கப்பட வேண்டும். வருவாய் முத்திரையை அரசு அலுவலகத்தில் தேட வேண்டாம். வெளியே வெள்ளை ‘டி’ எழுத்துப் பலகை தொங்கும் தபாக்கி கடையில், சிகரெட்டும் பஸ் டிக்கெட்டும் விற்கும் இடத்திலேயே கிடைக்கும்.

கவுன்டரில் ‘முடியாது’, ‘அப்புறம் வாருங்கள்’ என்று திருப்பி அனுப்பினால்?

முதலில் கிராமத்துக் கொமூனே எப்படி இயங்குகிறது என்று பாருங்கள். பல இடங்களில் ஒரே அம்மாதான் பிறப்பு, இறப்பு, வசிப்பிடம், தேர்தல் எல்லாவற்றையும் பார்க்கிறார். வாரத்தில் சில நாள் காலை மட்டும் மக்களுக்குத் திறப்பார்கள். செயலாளர் மூன்று நான்கு ஊருக்குப் பொதுவாக இருப்பார். ஊர்ப் புனிதரின் திருநாளில் மூடல், ஆகஸ்ட் நடுவில் பாதிப் பேர் விடுமுறை. அவர் கோபமாக இருப்பதாக நமக்குத் தோன்றுவது பெரும்பாலும் களைப்புதான். உள்ளே நுழைந்ததும் வணக்கம் சொல்லி, பெரியவர்களிடம் பேசும் மரியாதையோடு பேசி, கேட்கும் தாள்களை ஒரு கோப்பில் வரிசையாக வைத்துக் கொடுத்தால் பாதி வேலை முடியும். சின்ன ஊரில் இரண்டாம் முறை போகும்போது உங்கள் பெயர் அவருக்குத் தெரிந்திருக்கும். பெரிய நகரத்தில் கிடைக்காத நல்ல விஷயம் இது.

ஆனால் நல்லுறவு இருக்கிறது என்பதற்காகப் பேச்சை மட்டும் நம்பி வரக் கூடாது. எந்த விண்ணப்பத்தையும் புரோத்தோகொல்லோ எண் வாங்காமல் கொடுக்காதீர்கள். உங்களிடம் இருக்கும் நகலில் தேதியும் எண்ணும் விழுந்த முத்திரை, அவ்வளவுதான். 1990-இன் 241-ஆம் எண் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது: வேறு காலக்கெடு குறிப்பிடாத விண்ணப்பத்துக்கு 30 நாளில் முடிவு சொல்ல வேண்டும், உங்கள் கோப்புக்குப் பொறுப்பானவர் யார் என்று சொல்ல வேண்டும், நிராகரிப்பதாக இருந்தால் முன்கூட்டியே காரணத்தை எழுதி, நீங்கள் பதில் தர 10 நாள் விட வேண்டும். ‘முடியாது’ என்று வாயால் சொன்னால், ‘தயவுசெய்து எழுத்தில் தாருங்கள்’ என்று கேளுங்கள். சண்டைக் குரலில் வேண்டாம், சாதாரணமாகக் கேளுங்கள். அப்படிக் கேட்டதும் அவர் உள்ளே போய் விதியைப் பார்த்துவிட்டு வந்து, ‘சரி, கொடுங்கள்’ என்று வாங்கிக்கொள்வதைப் பல பேருடன் போயிருந்தபோது பார்த்திருக்கிறேன்.

வேலை நேரத்தில் போக முடியாதவர்கள் இன்னொருவரை அனுப்பலாம். கையெழுத்திட்ட அதிகாரக் கடிதமும் இருவரின் அடையாள நகலும் பல வேலைகளுக்குப் போதும்.

தபால்பெட்டியில் ஒரு சின்னச் சீட்டு கிடந்தது. விளம்பரமா?

தூக்கிப் போடாதீர்கள்! பதிவுத் தபால் வந்தது, ஆள் இல்லை, தபால் நிலையத்தில் வைத்திருக்கிறோம் என்பதற்கான சீட்டு அது. சாதாரணப் பதிவுத் தபாலை 30 நாள் வைத்திருப்பார்கள். நீதிமன்றம், அபராதம் தொடர்பான பச்சை உறை என்றால், நீங்கள் போய் வாங்காவிட்டாலும் 10 நாளில் உங்களுக்குக் கிடைத்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். மேல்முறையீட்டுக் கெடுவும் ஓடத் தொடங்கிவிடும்.

கையில் பணம் இருந்தால் ஆண்டுக்குச் சில யூரோ கொடுத்து பெக் எனப்படும் சான்றளிக்கப்பட்ட மின்னஞ்சல் ஒன்று திறந்துகொள்ளுங்கள். ரசீதோடு கூடிய பதிவுத் தபாலுக்குச் சமமான சட்ட மதிப்பு அதற்கு உண்டு. எல்லாக் கொமூனேக்கும் குவெஸ்தூராவுக்கும் பெக் முகவரி இருக்கிறது. மலையிறங்கி 40 கிலோமீட்டர் போய்ச் சொல்ல வேண்டியதை இரவு பத்து மணிக்குச் சமையலறையிலிருந்து அனுப்பலாம், அனுப்பியதற்குச் சான்றும் இருக்கும்.

குடும்ப மருத்துவர் எப்படிக் கிடைப்பார்?

வேலை அனுமதியோ குடும்ப அனுமதியோ உள்ளவர்களுக்கு அரசு மருத்துவப் பதிவு உரிமை, கட்டணமில்லை. உள்ளூர் சுகாதார அலுவலகத்தில் போய் மருத்துவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். புதுப்பிப்பு ரசீதைக் காட்டினால் பதிவை நீட்டித்துத் தருவார்கள். அனுமதி காலாவதியான நாளில் மருத்துவப் பதிவும் தானாக நிற்கும் என்பதால் ரசீது கிடைத்த அன்றே போய்விடுங்கள். மாணவர்களும், வேலை செய்யாமல் சொந்த வருமானத்தில் வசிப்பவர்களும் பணம் கட்டிச் சேரலாம்: 2024 முதல் மாணவருக்கு ஆண்டுக்கு 700 யூரோ, மற்றவர்களுக்குக் குறைந்தது 2,000.

இந்திய ஓட்டுநர் உரிமம் செல்லுமா?

வசிப்பிடப் பதிவு ஆனதிலிருந்து ஓராண்டு வரை, சர்வதேச அனுமதியோ சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்போ இணைத்து ஓட்டலாம். அதன்பிறகு செல்லாது. இந்தியாவோடு மாற்று ஒப்பந்தம் இல்லாததால் முதலிலிருந்து தேர்வு எழுத வேண்டும். எழுத்துத் தேர்வில் 30 கேள்விகள், சரியா தவறா என்று 20 நிமிடத்தில் சொல்ல வேண்டும். 3 பிழைக்குமேல் போனால் தோல்வி. மொழி இத்தாலியன். பஸ் வராத ஊரில் கார் இல்லாமல் காலம் தள்ள முடியாது, ஆகவே ஓராண்டு முடியட்டும் என்று காத்திருக்காமல் வந்த சில மாதத்திலேயே படிக்கத் தொடங்குங்கள். அனுமதி அட்டை வரும் வரை காத்திருக்கும் மாதங்கள் இதற்கு நல்ல நேரம். இத்தாலியனும் கூடவே வளரும். நீண்டகால அனுமதிக்கு இத்தாலிய மொழியில் ஏ2 நிலை, குடியுரிமைக்கு பி1 நிலைத் தேர்ச்சி எப்படியும் தேவை.

குப்பை வரி, தொலைக்காட்சிக் கட்டணம்?

வசிப்பிடம் பதிந்ததும் குப்பை வரிக் கணக்கு தானாகத் திறந்துவிடும் என்று நினைக்காதீர்கள். கொமூனேயின் வரிப் பிரிவில் தனியாக அறிவிக்க வேண்டும். தோட்டத்தில் உரக்குழி வைத்திருந்தால் தள்ளுபடி தரும் ஊர்கள் உண்டு, கேளுங்கள். தொலைக்காட்சிக் கட்டணம் மின்கட்டணத்தோடு வரும். வீட்டில் தொலைக்காட்சியே இல்லையென்றால் ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 31-க்குள் வரித்துறைக்கு அறிவித்து விலக்குப் பெறலாம்.

ஊரில் ஒரு பழைய வீடும் கொஞ்சம் நிலமும் மலிவாக வருகிறது. வாங்கலாமா?

முதலில் ஒரு ஜெயோமேத்ரா, அதாவது நில அளவையும் கட்டட விதியும் தெரிந்த தொழில்முறை ஆள், வேண்டும். விற்பவரின் ஆள் வேண்டாம், உங்கள் ஆளாக இருக்கட்டும். பழைய பண்ணை வீடுகளில் அனுமதியில்லாமல் கட்டிய அறை, தொழுவத்தைப் படுக்கையறையாக்கியது, வரைபடத்தில் இல்லாத படிக்கட்டு எல்லாம் சகஜம். கையெழுத்திடும் முன் கொமூனேயின் கட்டடப் பிரிவில் அந்த வீட்டின் கோப்பை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். விவசாய நிலம் சேர்ந்திருந்தால் ஒட்டியிருக்கும் நிலத்தில் தானே பயிரிடும் விவசாயிக்கு முதலில் வாங்கும் உரிமை உண்டு. அவருக்கு முறைப்படி தெரிவித்து 30 நாள் விட வேண்டும். தெரிவிக்காமல் வாங்கினால், விற்பனை பதிவான ஓராண்டுக்குள் அவர் வந்து நிலத்தை அதே விலைக்குக் கேட்க முடியும். ஒரு யூரோ வீடு என்று விளம்பரப்படுத்தும் ஊர்களில் வைப்புத்தொகையும், குறித்த ஆண்டுக்குள் புதுப்பித்து முடிக்கும் கட்டாயமும் உண்டு. அந்த நிபந்தனைகளை முழுக்கப் படியுங்கள்.

ஒலிவ மரம் வெட்டிய கிளைகளைத் தோட்டத்திலேயே எரிக்கலாமா?

எரிக்கலாம், ஆனால் அளவோடு. வெட்டிய இடத்திலேயே, சின்னச் சின்னக் குவியலாக, ஒரு நாளைக்கு ஒரு ஹெக்டேருக்கு அடுக்கிய நிலையில் 3 கன மீட்டருக்கு மேல் போகாமல். காட்டுத்தீ அபாயம் என்று பிராந்திய அரசு அறிவிக்கும் கோடை மாதங்களில் கண்டிப்பாகக் கூடாது. சில ஊர்களில் மேயர் தனி ஆணை போட்டிருப்பார். கொமூனேயின் இணைய அறிவிப்புப் பலகையில் பாருங்கள், அல்லது காலையில் போன் செய்து கேட்டுவிட்டுத் தீயை மூட்டுங்கள். முழுக்க அணையும்வரை யாராவது பக்கத்திலேயே இருக்க வேண்டும்.